கிணற்றையும் கேட்டுப் பாருங்கோ

"அண்ணை, உந்தக் காத்தாடியையும் சோலாரையும் நம்பி எத்தினை காலம் இருக்கிறது? கூடங்குளத்தில போட்ட மாதிரி ஒண்டை எங்கட பக்கமும் போட்டால் பிரச்சினை முடிஞ்சுதே?" நாரந்தனையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டான். பக்கத்தில் இருந்த கூட்டாளி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான்: "ஹூஸ்டனில இருக்கிற மச்சான் சொல்லுறான், அங்க பாறையை உடைச்சு காஸ் எடுக்கிறாங்களாம். கரண்ட் சரியான மலிவாம்."

இரண்டும் நியாயமான கேள்விகள். "அது கூடாது, இது நல்லது" என்று ஒரே வரியில் வாயை அடைக்கக் கூடாத கேள்விகளும்கூட. இன்னொரு பிளேன்டீ சொல்லிவிட்டு ஆறுதலாகப் பேசுவோம்.

முதலில் எங்கள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாரந்தனை, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு எல்லாம் பாலங்களாலும் தாம்போதிகளாலும் யாழ்ப்பாணத்தோடு தொடுக்கப்பட்டவை. கம்பி அந்த வழியாகவே வந்துவிட்டது. நுரைச்சோலையில் எரிகிற நிலக்கரியும் மலைநாட்டில் விழுகிற தண்ணீரும் எங்கள் வீட்டு மின்விசிறியைச் சுற்றுகின்றன. ஆனால் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போங்கோ, ஊர்காவற்றுறைத் துறையில் ஏறி அனலைதீவுக்குப் போங்கோ, அங்கே அந்தக் கம்பி இல்லை. ஒவ்வொரு தீவிலும் மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகள்தான் காலம் காலமாக ஓடிவந்திருக்கின்றன. அவை குடிக்கிற டீசல் படகில் போகவேண்டும். கடல் கொந்தளித்தால் போகாது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பல்கள் நின்றபோது என்ன பாடுபட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்பிலேயே ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த காலம் அது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. டீசலை நம்பியிருக்கும் தீவு கடலுக்கும் டொலருக்கும் ஒரே நேரத்தில் கைகட்டி நிற்கிறது.

ஆகவே மாற்று வழி வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. எது என்பதுதான் கேள்வி.

தம்பியின் அணு உலையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலைகளும் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். இரவு பகல் பாராமல், காற்று மழை பாராமல் ஓடும். புகை இல்லை, கரிவாயு இல்லை. உலகத்தில் எரிசக்திக்காகச் செத்தவர்களைக் கணக்கெடுத்தால், நிலக்கரிப் புகையால் செத்தவர்களுக்குப் பக்கத்தில் அணுவால் செத்தவர்களின் தொகை மிகச் சிறியது. அணுவை எதிர்க்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

ஆனால் இலங்கை முழுவதும் உச்ச நேரத்தில் இழுப்பதே 2,500 தொடக்கம் 3,000 மெகாவாட் வரைதான். நடுச்சாமத்தில் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த நேரத்தில் 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென்று நின்றால் நாட்டின் பெரும்பங்கு மின்சாரம் ஒரு நொடியில் இல்லாமல் போய்விடும். மிச்சம் இருக்கிற நிலையங்கள் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழும். நுரைச்சோலையில் ஒவ்வொரு இயந்திரமும் 300 மெகாவாட்தான். அவை விழுந்ததற்கே நாடு இருண்ட நாட்களைக் கண்டிருக்கிறோம். அணு உலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மின் உற்பத்தி நின்றாலும் உள்ளே சூடு நிற்காது, அதைத் தொடர்ந்து குளிர்விக்க வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் போயிற்று, ஆழிப்பேரலையால் மாற்று மின்பிறப்பாக்கிகள் மூழ்கின. மிச்சத்தை உலகம் பார்த்தது. நியாயத்துக்கு இதையும் சொல்கிறேன்: 2004 டிசம்பர் 26 அன்று அதே மாதிரி அலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அடித்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. ஓடிக்கொண்டிருந்த உலையோ பத்திரமாக நிறுத்தப்பட்டது.

அடுத்தது காலம். கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது 1988இல். முதல் உலை மின்வலையில் இணைந்தது 2013 அக்டோபரில். இடையில் 25 ஆண்டுகள், சோவியத் ஒன்றியமே கலைந்துபோயிற்று. பணக்கார நாடான பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ மூன்றாவது உலையின் வேலை 2005இல் தொடங்கி, 2023இல்தான் முழுமையாக ஓடத் தொடங்கியது. நெடுந்தீவில் இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அவ்வளவு காலம் டீசல் வெளிச்சத்தில் இருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

"சின்ன உலையும் வந்திட்டுதாமே அண்ணை?" வந்திருக்கிறது. ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் அகாதெமிக் லொமொனோசொவ் என்ற மிதவைக் கலம் 35 மெகாவாட் உலைகள் இரண்டோடு 2019 டிசம்பரிலிருந்து மின்சாரம் கொடுக்கிறது. அது வடதுருவப் பனிக்கடல் ஊர். அங்கே குளிர்காலத்தில் கிழமைக் கணக்கில் சூரியன் உதிக்காது. எங்களுக்கோ வருஷம் முழுக்க வெயில் மண்டையைப் பிளக்கிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு என்ற எங்கள் மூன்று தீவுகளுக்கும் திட்டமிட்டிருக்கிற காற்றாடி, சோலார், டீசல் எல்லாவற்றையும் கூட்டினாலும், அந்தக் கலத்தின் ஒரு உலையே அதைப்போல ஏழு மடங்குக்கு மேல். அளவே பொருந்தவில்லை. பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நான் இன்னும் போகவேயில்லை.

கூடங்குளத்தைப் பற்றிப் பேசும்போது பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையையும் பேசத்தான் வேண்டும். அணு உலை வேண்டாம் என்று லூர்து மாதா கோயில் வாசலில் மீனவப் பெண்கள் மாதக் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தின்போது 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் பொலிஸ் சுட்டு அந்தோணி ஜான் என்ற மீனவர் இறந்தார். அவர்கள் இயற்பியல் தெரியாதவர்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, விபத்து நடந்தால் எங்களை எந்த வழியால், எந்த வாகனத்தில் கொண்டுபோவீர்கள் என்று கேட்க இயற்பியல் பட்டம் வேண்டியதில்லை.

இப்போது ஹூஸ்டன் மச்சானின் பாறை. இதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன், ஏனென்றால் இது எங்கள் கிணற்றடிக்கு வருகிறது.

சில இடங்களில் நிலத்துக்குக் கீழே இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் களிமண் இறுகிய பாறை இருக்கும். அதன் நுண்ணிய இடுக்குகளில் எரிவாயு அடைபட்டிருக்கும். துளையிட்டால் தானாக வெளியே வராது. அதனால் துளையை நேரே இறக்கி, பிறகு பக்கவாட்டில் திருப்பி, பாறைக்குள்ளேயே நீளமாக ஓட்டுகிறார்கள். தண்ணீர், மணல், இரசாயனங்கள் கலந்த கலவையை மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே செலுத்தப் பாறை வெடிக்கிறது. மணல் அந்த வெடிப்பை மூடவிடாமல் பிடித்துக்கொள்ள, வாயு வெளியே வருகிறது. இதுதான் ஃபிராக்கிங். ஒரு துளைக்கு மட்டும் கோடிக்கணக்கான லீற்றர் தண்ணீர் போகும். அதில் ஒரு பங்கு, ஆழத்து உப்பையும் சிலவேளை கதிரியக்கப் பொருட்களையும் கரைத்துக்கொண்டு திரும்பி வரும். அதை எங்கேயாவது ஊற்றவேண்டும். அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் அந்தக் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தப் போய் முன்பு அபூர்வமாக இருந்த நிலநடுக்கம் அடிக்கடி வரத் தொடங்கியது. பிரான்ஸ் 2011இல் இந்த முறைக்குத் தடைபோட்டது. இங்கிலாந்து 2019இல் லங்காஷயரில் நிலம் அதிர்ந்த பிறகு நிறுத்தி வைத்தது.

மச்சான் சொன்னது பொய்யில்லை. அந்த வாயு வந்ததால் அமெரிக்காவில் நிலக்கரி நிலையங்கள் பல மூடப்பட்டன, கரிவாயுவும் குறைந்தது. ஆனால் எரியாமல் கசிகிற மீதேன் வாயு வளியைச் சூடாக்குவதில் கரிவாயுவை விடப் பல மடங்கு பொல்லாதது. கசிவு கூடினால் கிடைத்த இலாபம் அதிலேயே போய்விடும்.

தமிழ்நாட்டுக்கு இதன் சகோதரத் திட்டம் ஒன்று வந்தது. மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகையில் இருக்கும் மீதேனை எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற நிறுவனம் உரிமம் பெற்றது. நிலக்கரியோடு ஒட்டியிருக்கும் வாயுவைத் தண்ணீரின் அழுத்தம்தான் அமர்த்தி வைத்திருக்கிறது. வாயு வேண்டுமென்றால் தண்ணீரை இறைத்துக் கொட்டவேண்டும். காவிரிப் படுகையில், நெல் விளைகிற மண்ணில் இதைச் செய்வதா என்று இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து கேட்டார். அந்தப் பரப்புரையில் இருந்தபடியே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். 2017இல் நெடுவாசலில் பெண்களும் பிள்ளைகளும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். 2020 பெப்ரவரியில் சட்டசபை படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது. இத்தனையும் தண்ணீருக்காக.

இனி எங்கள் மண்ணைப் பாருங்கோ. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்றன. அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மழைத் தண்ணீர் வடிகட்டப்படாமலே நேரே கீழே இறங்கிவிடும். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை. மாரியில் பெய்கிற மழை நிலத்துக்குக் கீழே தேங்கி, கடல் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரை விடச் சற்று இலேசு என்பதால்தான் அது மிதக்கிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு: கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கமாக நினைத்துப் பாருங்கோ. அதிகமாக இறைத்து மேலே ஒரு அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். அதனால்தான் ஒரு வளவில் நல்ல தண்ணியும் நாலு வேலி தள்ளிச் சவர்த் தண்ணியும் வருகின்றன. வேலணையில் சாட்டிக் கிணறுகளை ஊரே காவல் காப்பதும் அதனால்தான். கோடைக் கடைசியில் வாளியைக் கிணற்றில் இறக்கி, முதல் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்க்கிற அம்மாமார் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் நாக்குச் சொல்வது பரிசோதனைக் கூடத்துக்கு முன்னமே வரும் அறிக்கை.

இந்தக் கல்லில் அழுக்கு விழுந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா போகவேண்டாம், சுன்னாகம் போதும். அங்கே எரிபொருளால் மின்சாரம் எடுத்த நிலையங்கள் இருந்தன. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் குடாநாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவற்றில் அவையும் அடக்கம். கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கியது. கல்லின் பொந்துகள் வழியாக அயலூர்களுக்கும் போனது. துலாவில் அள்ளிய தண்ணியின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னியது, கிணற்றடியில் எரிபொருள் மணத்தது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணி அள்ளிய கிணறுகளை மூடிவிட்டு, சந்தியில் வைத்த பிளாஸ்டிக் தாங்கியில் பவுசர் வரும்வரை குடத்தோடு காத்துநின்றார்கள் சனங்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவர் விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அங்கே நிலையம் நடத்திய நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும். தீர்ப்பு பெரிய தீர்ப்புத்தான். ஆனால் நிலத்துக்குக் கீழே போன எண்ணெயை எந்தக் கட்டளையாலும் மேலே அழைக்க முடியாது.

எங்கள் தீவில் யாரும் ஃபிராக்கிங் செய்யக் கேட்கவில்லை. 2011இல் மன்னார் கடற்படுகையில் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்த வாயுவும் சாதாரணக் கடல் வாயுதான், பாறை உடைக்கிற வேலை அதற்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு சொன்னேன் என்றால், எந்த மின்சாரத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது பிழைத்துப்போனால் கிணற்றுக்கு என்ன ஆகும்? சோலார் பிழைத்தால் வெளிச்சம் போகும். காற்றாலை பிழைத்தால் வெளிச்சம் போகும். டீசல் தாங்கி பிழைத்தால் கிணறு போகும். அணுவும் பாறை வாயுவும் பிழைத்தால் ஊரைவிட்டே போகவேண்டி வரலாம். உப்பின் மேல் மிதக்கிற நாற்பது அடித் தண்ணியை நம்பி இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காகக் காற்றும் வெயிலும் குறையே இல்லாதவை என்று சொல்லப்போவதில்லை. எங்கள் மூன்று தீவுகளுக்கான திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன், 2,400 கிலோவாட் மணி பற்றரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். கிலோவாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. கிலோவாட் மணி என்பது மொத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது. மின்சாரப் பட்டியலில் 'அலகு' என்று போடுகிறார்களே, அதுதான். பேச்சுக்கு, மூன்று தீவும் சேர்ந்து மாலையில் 600 கிலோவாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கோ. நிறைந்த பற்றரி 4 மணித்தியாலம் தாங்கும். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை, பிள்ளைகள் படிக்கிற, சமையல் நடக்கிற நேரம், அது போதும். அதற்குப் பிறகு? சோளகக் காற்று வீசுகிற மே தொடக்கம் செப்டம்பர் வரை இரவிலும் காற்றாலை கைகொடுக்கும். மாரியில் முகில் மூடினால் வாடைக்காற்று வரும். பங்குனி, சித்திரையில்தான் காற்று செத்துக் கிடக்கும், அப்போது வெயில் உச்சத்தில் இருக்கும். ஒன்று இளைக்கிற நேரம் மற்றது எழும்புகிறது. கடற்றொழிலாளிக்குத் தெரிந்த பருவக் கணக்கும் இந்த இயந்திரங்களின் கணக்கும் ஒன்றுதான். இரண்டும் இளைக்கிற சில இரவுகளுக்கு டீசல் ஓடும். ஓடட்டும். வருஷம் முழுக்க ஓடுவதும் சில இரவுகள் ஓடுவதும் ஒன்றல்ல.

இது கனவுத் திட்டமும் அல்ல. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இதே கலப்பு முறையைச் சிறிய அளவில் முன்னமே செய்து பார்த்தார்கள். 46 கிலோவாட் சூரியத் தட்டுகள், ஆறு சின்னக் காற்றாடிகள், 110 கிலோவாட் மணி லித்தியம் பற்றரி, ஒரு டீசல் இயந்திரம்.

பிறகு ஏன் மூன்று தீவுகளுக்கும் இவ்வளவு தாமதம்? 2021 ஜனவரியில் சீனாவின் சினோ சோர் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்குப் பக்கத்தில் சீனா வருவதா என்று இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு முடிய முன்னர், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டிச் சீன நிறுவனம் வேலையை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1இல்தான் பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்தோடு இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை கையெழுத்திட்டது, இந்தியாவின் ஏறக்குறைய 11 மில்லியன் டொலர் நன்கொடையில். காற்றும் வெயிலும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அவற்றைப் பிடிக்கிற இயந்திரத்தை யார் நடுவது என்று இரண்டு வல்லரசுகள் இழுபட்ட மூன்று வருஷமும் நெடுந்தீவில் டீசல்தான் எரிந்தது. எனக்கு இது உண்மையாகவே மனம் நோகிற விஷயம்.

பெரிய மின்வலைக்கு வந்தால் சூரியன் வேறொரு தொல்லை தருகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று தொட்டதாகச் சொன்னார்கள், நாடு முழுக்க இருண்டது. ஒரு குரங்கால் எப்படி? விடுமுறை நாள், ஆலைகள் இல்லை, வெயில் நல்ல வெயில், கூரை சோலார்கள் பெரும்பங்கு கொடுத்துக்கொண்டிருந்தன. பழைய நிலையங்களில் சுற்றுகிற பாரமான உருளைகள் பாரம் ஏற்றிய தட்டுவண்டி மாதிரி. தள்ளுகிற கை விட்டாலும் கொஞ்சத்தூரம் ஓடும், அதற்குள் பிடித்துவிடலாம். சோலாரில் சுற்றுகிற பாரம் இல்லை. ஒரு சின்ன அதிர்வு வந்தாலும் வலை சட்டென்று தளம்பும். அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரை சோலார்களை நிறுத்தி வையுங்கோ என்று மின்சார சபையே கேட்கவேண்டி வந்தது. நல்ல வெயில் வீணாகப் போயிற்று. இதற்குத் தீர்வு நொடிக்குள் கைகொடுக்கிற பெரிய பற்றரிகள். சோலாரை வேகமாகப் போட்டவர்கள் பற்றரியை மெதுவாகப் போட்டதுதான் பிழை.

மன்னாரையும் மறைக்க முடியாது. அங்கே தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். டீசலோடு ஒப்பிட்டால் தங்கம். ஆனால் மழைத் தண்ணி ஓடுகிற வழி அடைபட்டு ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது என்றும், மீன்பாடு குறைந்துவிட்டது என்றும் மன்னார்ச் சனங்கள் சொல்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வருகிற பறவைகளுக்கும் அது இறங்குகிற இடம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் போட வந்த அதானி நிறுவனம், புதிய அரசு விலையை மீளாய்வு செய்தபோது 2025 பெப்ரவரியில் விலகியது. அதன் பிறகும் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் காற்றின் எதிரிகள் அல்ல. தங்கள் மணல்மேட்டில் எந்தக் கோபுரம் எங்கே நிற்கவேண்டும் என்று தங்களிடம் கேட்கச் சொல்கிறார்கள். இடிந்தகரைக்காரர் கேட்டதும் நெடுவாசல்காரர் கேட்டதும் இதே மரியாதையைத்தான்.

ஆகவே தம்பிமாருக்கு என் பதில்: எங்கள் தீவுகளுக்குக் காற்றும் வெயிலும் பற்றரியும். நாட்டுக்கு அணு வேண்டுமா என்று கொழும்பில் பேசட்டும், அதற்கு முன் பற்றரிக் கணக்கை முடித்துவிட்டுப் பேசட்டும்.

எங்களுக்கும் வேலை இருக்கிறது. லித்தியம் பற்றரி பத்து, பதினைந்து வருஷத்தில் களைத்துவிடும். உப்புக் காற்று காற்றாடியின் ஆணியையும் சூரியத் தட்டின் சட்டத்தையும் அதற்கு முன்னமே தின்னத் தொடங்கும். நன்கொடை ஒருமுறைதான் வரும். டீசலில் மிச்சப்படுகிற காசில் ஒரு பங்கை மாதாமாதம் அடுத்த பற்றரிக்கென்று ஒதுக்குவதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கவேண்டும். பழைய பற்றரி எங்கே போகும் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும், அது கிணற்றடியில் கிடக்கக் கூடாது. நெடுந்தீவிலும் அனலைதீவிலும் நயினாதீவிலும் ஓ.எல். முடித்த பிள்ளைகள் நாலைந்து பேரையாவது இந்த இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டப் பழக்கவேண்டும். ஒரு ஆணி இறுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரும்வரை தீவு இருட்டில் காத்திருக்கக் கூடாது. பிரதேச சபைக் கூட்டம் நடக்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கோ. எழுதிக் கொண்டுபோய், கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கோ.